நாற்காலி போட்டவருக்கும் ஒரு நாற்காலி

போன வாரம் எங்கள் குடியிருப்பில் கலை விழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு தன்னார்வலப் பெண்ணிடம் கேட்டேன்: "கடைசியில் போட்ட நாடகம் எப்படியம்மா இருந்தது?"

"நான் எங்கே அண்ணா பார்த்தேன்? மதியத்திலிருந்து வாசலில்தானே நின்றேன்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால்தான் அது எனக்கு அதிகம் வலித்தது. அவளை வாசலில் நிறுத்தியவன் நான். பெயர் கொடுத்த அன்றே, "எனக்கு நாடகம் ரொம்பப் பிடிக்கும், அதற்காகத்தான் வருகிறேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. வாசலுக்கு ஆள் வேண்டும், அவள் சீக்கிரம் வந்துவிட்டாள், நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எத்தனையோ வருடங்களாக இப்படிப்பட்ட விழாக்களில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு முறையும் குழுக் கூட்டத்தில் வரும் புலம்பல் ஒன்றுதான்: "போன தடவை வந்த பிள்ளைகள் இந்தத் தடவை வரவில்லை. இந்தக் காலத்தில் யாருக்கும் பொதுக் காரியத்தில் அக்கறை இல்லை." நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது அதை நம்பவில்லை. அக்கறை இருந்ததால்தான் முதல் தடவை வந்தார்கள். இரண்டாம் தடவை வராமல் போனதற்குக் காரணம் நாம்.

கலை நிகழ்ச்சிக்கு உதவ வருகிறவர் பெரும்பாலும் அந்தக் கலைக்காக வருகிறார். பாட்டுக் கேட்க வேண்டும், ஆட்டம் பார்க்க வேண்டும், மேடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாம் அவரை வண்டி நிறுத்துமிடத்தில் ஆறு மணி நேரம் நிற்க வைக்கிறோம். உள்ளே கைதட்டல் கேட்கிறது, எதற்கென்று அவருக்குத் தெரியாது. எல்லாம் முடிந்ததும் மேடையில் "தன்னார்வலர்கள் அனைவருக்கும் நன்றி" என்று ஒரு வரி. அதைக் கேட்கக்கூட அவர் உள்ளே இருக்கமாட்டார்.

மாற்றுவது கஷ்டமில்லை. ஒருவருக்குத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் வேலை கொடுக்காதீர்கள். முறை மாற்றும்போது அரை மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கட்டும். புதிதாக வருகிறவர் பழையவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார், வாசலும் காலியாகாது. முக்கியமாக, பெயர் எழுதும்போதே "எந்த நிகழ்ச்சியைப் பார்க்க ஆசை?" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் அவருக்கு வேலை போடாதீர்கள். ஆள் பற்றாது என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க வேண்டும் என்றால் பத்துப் பேர்தான் வருவார்கள். இரண்டு மணி நேரம் போதும் என்றால் சிறு குழந்தை வைத்திருப்பவரும் வருவார், பணி ஓய்வு பெற்றவரும் வருவார், தேர்வுக்குப் படிக்கிற மாணவரும் வருவார். ஆள் பற்றாதது பாதி நாம் கேட்கிற விதத்தால்தான்.

அப்புறம், வேலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "வாங்க, பார்த்துக்கலாம்" என்று கூப்பிட்டால் வந்தவர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பார். முந்தின நாளே அவர் கையில் இருக்க வேண்டியது ஒரே ஒரு தாள்: எங்கே நிற்க வேண்டும், எத்தனை மணிவரை, சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது. ஒரு குழந்தை தொலைந்துபோனால் எங்கே கூட்டிப்போவது, யாராவது மயங்கி விழுந்தால் முதலுதவிப் பெட்டி எங்கே, அவசர வழி எது, அந்த வழியில் நாற்காலி போடக் கூடாது என்பதெல்லாம் அதிலேயே இருக்கட்டும். வந்திருக்கும் அத்தனை பேருடைய பாதுகாப்பும் அந்தத் தாளில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தன்னார்வலர் வேறு, மேடை ஏறும் கலைஞர் வேறு. ஆடுவதும் பாடுவதும் வாசிப்பதும்தான் ஒருவருடைய பிழைப்பு என்றால், "நம்ம ஊர் விழாதானே, சும்மா வந்து செய்துகொடுங்கள்" என்று கேட்பது நியாயமில்லை. ஒலிபெருக்கி வைப்பவருக்குப் பணம் கொடுக்கிறோம், பந்தல் போடுபவருக்குக் கொடுக்கிறோம், வெளியூரிலிருந்து வரும் பிரபலத்துக்குப் பெரிய தொகையே கொடுக்கிறோம். பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம் மட்டும் "உங்களுக்கு நல்ல விளம்பரம்" என்கிறோம். தானாக முன்வந்து தன் நேரத்தைக் கொடுப்பது ஒன்று. மறுக்க முடியாத உறவைக் காட்டி ஒருவருடைய உழைப்பை வாங்கிக்கொள்வது வேறு. நிதி குறைவாக இருந்தால் பிரபலத்தை விட்டுவிடலாம். உள்ளூர் விழாவுக்குக் கூட்டம் வருவது தெரிந்த முகத்தை மேடையில் பார்க்கத்தான். மகள் ஆடுகிறாள், மாமா நாடகத்தில் இருக்கிறார் என்றால் குடும்பமே வந்து உட்காரும்.

ஜெர்மனியில் ஓபராமெர்காவ் என்றொரு சிற்றூர். 1633இல் கொள்ளைநோய் பரவியபோது, நோய் நீங்கினால் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்துகிறோம் என்று ஊரார் வேண்டிக்கொண்டார்கள். 1634இல் முதல் நாடகம் நடந்தது. இப்போது பத்தாண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. 2020இல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2022இல் நடந்தது. அந்த ஊரில் பிறந்தவர்கள், அல்லது 20 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்கள்தான் நடிக்க முடியும். உலகமே போய்ப் பார்க்கிற நாடகம், நடிப்பது அந்த ஊர்க்காரர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். வெளியே இருந்து ஒரு நட்சத்திரத்தைக் கூட்டிவர வேண்டும் என்ற எண்ணமே அங்கே எழ வழியில்லை.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1947இல் பெரிய கலை விழா தொடங்கியபோது எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பில்லாமலே போய், கிடைத்த இடத்தில் நாடகம் போட்டார்கள். அதிலிருந்துதான் அங்கே இன்றுவரை நடக்கும் 'ஃபிரிஞ்ச்' விழா வளர்ந்தது. நம் நிகழ்ச்சி நிரலில் பெயர் இல்லாதவர் ஒருவர் வந்து "நானும் ஒரு பாட்டுப் பாடலாமா?" என்று கேட்டால், நேரமில்லை என்று அனுப்பிவிடுகிறோம். சிறப்பு விருந்தினர்களின் பேச்சுக்கு மட்டும் நேரம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. பேச்சு நீண்டு, சாயங்காலம் ஒப்பனை போட்ட குழந்தைகள் மேடையோரம் தூங்கி விழுவதை எத்தனை முறை பார்த்திருப்போம்! பேச்சைக் குறைத்துக் குழந்தைகளை முதலில் ஆடவிட வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நேற்று போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, அதெல்லாம் ஒன்றுமில்லை அண்ணா" என்றாள். நாடகக் குழுவிடமும் பேசிவிட்டேன். அடுத்த மாத ஒத்திகைக்கு, வாசலில் நின்றவர்கள், வண்டிகளை ஒழுங்குபடுத்தியவர்கள், தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்கள் என்று அன்று எதையும் பார்க்க முடியாமல் போன அத்தனை பேரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். முழு நாடகத்தையும் அவர்களுக்காக ஒரு முறை நடித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். அன்றைக்கு நாற்காலி போடும் வேலை விழாக் குழு உறுப்பினர்களான எங்களுடையது.