கட்டுக் கட்டா பேங்க் ஸ்டேட்மென்ட், உள்ளே இன்னா இருக்குன்னு யாருக்கும் தெரியாது

ஜீவனாம்சக் கேஸ்ல ரெண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணணும்னு 2020 நவம்பர்லயே, ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. படிவமும் கொடுத்தாச்சு. ஆனா வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வர்ற கட்டைப் பிரிச்சா ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்காங்க! இருப்புத் தொகையே இல்லாத துண்டுக் காகிதத்தை எதோட ஒட்டிப் பார்க்கிறது?

ஸ்டேட்மென்ட்டே வந்தாலும் பக்கம் மாறிக் கிடக்கும், நடுவுல ரெண்டு மாசம் காணாமப் போயிருக்கும். ஒரு பக்கத்தோட கடைசி இருப்புல இருந்துதான் அடுத்த பக்கம் ஆரம்பிக்கணும். இல்லன்னா பக்கத்தை உருவியாச்சு. இதைக்கூடப் பார்க்காமலே அடுத்த வாய்தா வாங்கிட்டுப் போறாங்க.

அதைவிடக் கொடுமை கூட்டல். சம்பளக் கணக்குல இருந்து தன்னோட இன்னொரு கணக்குக்கு 50,000 போகும், அங்கிருந்து எஃப்டிக்குப் போகும், எஃப்டியை உடைச்சா திரும்ப வரும். வரவு எல்லாத்தையும் கூட்டி "மாசம் ஒன்றரை லட்சம் சம்பாதிக்கிறான்"னு எழுதினா எதிர் வக்கீல் அஞ்சு நிமிஷத்துல கிழிச்சுடுவார். நகைக்கடனை மாத்தி வச்சாலும் அதே கதைதான்: ஒரே நாள்ல பழைய கடன் அடையும், புதுக் கடன் ஏறும். அது வருமானமா? சீட்டு எடுத்த துட்டும் கட்டின தவணையைக் கழிக்காம வருமானம் ஆகாது.

ஒரு கணக்குல போன பணத்தையும் இன்னொரு கணக்குல வந்த பணத்தையும் தொகையை வச்சு ஜோடி சேர்க்காதீங்க. 10,000 பத்து பேருக்குப் போயிருக்கும். யுபிஐன்னா ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வர்ற 12 இலக்க நம்பர், நெஃப்ட்டுன்னா யுடிஆர்னு சொல்ற பரிமாற்ற நம்பர், அதை வச்சுப் பாருங்க. ரெண்டு கணக்குலயும் ஒண்ணா இருந்தாத்தான் அது அதே பணம்.

மறைக்கிறவங்க மட்டும் தெளிவு. சம்மன் கைக்கு வந்த மாசத்துல இருந்து, ஆம்பூர் கம்பெனி சம்பளம் ஏறின அன்னைக்கே முழுசா அம்மா கணக்குக்குப் போகும். கேட்டா மருந்துச் செலவாம். சம்மனுக்கு முந்தின ஆறு மாசத்தையும் பிந்தின ஆறு மாசத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, வேஷம் தெரிஞ்சுடும். சொல்லாத கணக்கு இருந்தா வருமான வரி போர்ட்டல்ல இருக்கிற ஏஐஎஸ், அதாவது வருடாந்திரத் தகவல் அறிக்கை, காட்டிக்கொடுக்கும். எந்த பேங்க் எவ்வளவு வட்டி கொடுத்ததுன்னு அதுல வரும். எதிர்த்தரப்பு தானா நீட்டாது. எதிர்த்தரப்பு ஆவணத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கிற சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 11-ல் மனு போட்டுக் கேளுங்க.

கூடவே ஸ்டேட்மென்ட்டோட எக்செல் ஃபைலையும் கேளுங்க. நானூறு பக்கத்தை ஆள் வச்சு டைப் பண்ணா எங்கயாவது ஒரு பூஜ்யம் விட்டுப்போகும், அதையே பிடிச்சு ஒரு வருஷம் இழுப்பாங்க.