கப்பலில் வந்த கோதுமை

பணக்கார நாடுகள் ஏன் உதவி செய்கின்றன என்று பேச்சு வந்தால் ஒரு கூட்டம் மனிதாபிமானம் என்கிறது, இன்னொரு கூட்டம் எல்லாமே சதி என்கிறது. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. நம் நாடே வாங்கிச் சாப்பிட்ட பி.எல். 480 கோதுமையை எடுத்துக்கொள்வோம்.

பி.எல். 480 என்பது அமெரிக்காவின் உணவு உதவிச் சட்டம், 1954இல் அந்நாட்டு அதிபர் ஐசனாவர் கையெழுத்திட்டது. அமெரிக்காவில் அப்போது விளைச்சல் மிதமிஞ்சிக் கிடந்தது. விலை விழக்கூடாது என்று அரசே வாங்கிக் கிடங்குகளில் அடுக்கியிருந்தது, வைத்திருக்கவும் செலவு, உள்ளூர்ச் சந்தையில் விட்டால் அவர்கள் விவசாயிக்கே நஷ்டம். இந்தியாவிடமோ டாலர் இல்லை. சரி, ரூபாயிலேயே கொடுங்கள் என்றார்கள். பாதிச் சரக்காவது அமெரிக்கக் கப்பலில்தான் போக வேண்டும் என்று ஒரு விதி வேறு. இவ்வளவும் போக, இந்தியா சோவியத் பக்கம் சாய்ந்துவிடக் கூடாதே என்ற கணக்கும் இருந்தது.

ஆனால் காமராஜர் கால மதிய உணவுக்கு 1961இலிருந்து கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வழியாக வந்த பால் பவுடரும் சோள மாவும் அமெரிக்கக் கையிருப்பிலிருந்து வந்தவைதான். தட்டில் விழுந்த அந்த உப்புமாவுக்காகவே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் உண்டு. கொடுத்தவர் கணக்கு எதுவாக இருந்தாலும் அவர்கள் பசி ஆறியது நிஜம், அதைச் சதி என்று என்னால் ஒதுக்க முடியாது.

அப்புறம் 1965 வந்தது. பாகிஸ்தானோடு போர், அடுத்தடுத்து இரண்டு ஆண்டு வறட்சி, பீகாரில் பஞ்சம். அந்த நேரம் பார்த்து அப்போதைய அமெரிக்க அதிபர் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக, தானே பார்த்து ஒப்புதல் தந்தால்தான் கப்பல் கிளம்பும் என்று ஆக்கினார். விவசாயக் கொள்கையை மாற்று என்ற நெருக்கடி ஒரு பக்கம். வியட்நாமில் குண்டு போடுவதை நிறுத்துங்கள் என்று இந்தியா பேசியதில் அவருக்கு வந்த கோபம் இன்னொரு பக்கம். கோதுமைக்கு வரிசையில் நிற்கும் பீகார்க்காரனுக்கும் வியட்நாமுக்கும் என்ன சம்பந்தம்? இதை இன்று படித்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

1966இல் அப்போதைய மத்திய உணவு, விவசாய அமைச்சர் சி. சுப்பிரமணியம் அதிக விளைச்சல் தரும் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்குமதி செய்ய வைத்தார், பசுமைப் புரட்சி வேகம் பிடித்தது அதற்குப் பிறகுதான். அந்தப் புரட்சி மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் செய்ததைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் மலிவான கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கிய அந்தப் பத்து வருடங்களில் நம் விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலையைக் கொடுக்க யாருக்கும் அவசரமே இருக்கவில்லையே, அந்த ஆதங்கம் எனக்குத் தீரவே இல்லை. அதற்கு ஜான்சனை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது.