எட்டு கிலோமீட்டர் இருக்கட்டும், பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்க விடுங்க

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் உடம்பை அசைக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் பஸ் ஸ்டாப்புக்குப் போக பத்து நிமிஷம், வர பத்து நிமிஷம் நடந்தால் அந்தக் கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிடும். ஜிம் வேண்டாம், விடியற்காலை அலாரம் வேண்டாம். அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் சென்னை நம்மிடமிருந்து பிடுங்கிவிட்டது!

2023-ல் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை என்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் வந்தது. நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவும் ரேஷன் கடைக்குப் போகிற பாட்டியும் ஏற்கெனவே தினமும் நடக்கிறார்கள். தண்ணி லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில், தார் ரோட்டில் நடக்கிறார்கள். அவர்களுக்கு என்ன வழி?

ரோட்டோர நடைபாதையில் நடக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் ஒரு தெருவை உட்கார்ந்து கவனியுங்கள். சென்னையில் பல இடங்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மூடிதான். தூர் வார ஸ்லாப்பைத் தூக்குகிறார்கள், திரும்ப வைக்கும்போது மட்டம் பார்ப்பதில்லை. ஒரு ஓரம் ஒரு அங்குலம் தூக்கி நிற்கும். காலைத் தேய்த்து நடக்கிற வயசானவர்களைக் குப்புறத் தள்ள அந்த ஒரு அங்குலம் போதும். ஸ்லாப்பை வைத்ததும் இணைப்பில் சிமெண்ட் கலவை பூசி, மட்டப்பலகை வைத்துப் பார்த்த பிறகுதான் ஒப்பந்தக்காரரின் பில் பாஸ் ஆகணும்.

அடுத்தது உயரம். ரோடுகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டி 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறது. இங்கே முழங்கால் உயரத்தில் பாதி வரை ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம் ஒவ்வொரு கேட்டுக்கும் காருக்காகப் பாதையை வெட்டி இறக்குகிறார்கள். நூறு மீட்டருக்குள் பத்து கேட் இருந்தால் பத்து தடவை இறங்கி ஏறணும். எந்த முட்டி தாங்கும்? செய்ய வேண்டியது நேர் எதிர்: நடைபாதை ஒரே மட்டத்தில் ஓடணும், கார்தான் ஓரத்தில் உள்ள சின்னச் சரிவில் ஏறி இறங்கணும்.

அதே வழிகாட்டி தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் என்கிறது, இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று தாண்டிப் போக. ‘தடையில்லாத’ என்ற சொல்லைத்தான் விழுங்கிவிடுகிறார்கள். இரண்டு மீட்டர் போட்டோம் என்று கணக்குக் காட்டி, நட்ட நடுவில் மின்சாரப் பெட்டி நிற்கும். பார்வையில்லாதவர்களுக்கான மஞ்சள் டைல்ஸில் நீளக்கோடு என்றால் நடக்கலாம், புள்ளி என்றால் நில் என்று பொருள். அந்தக் கோடு நேராகப் போய் டிரான்ஸ்பார்மரில் முட்டுகிறது. ஒரு மனிதரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மின்சாரத்தில் விடுவது இல்லாமல் இது வேறென்ன? மரம், கம்பம், பெட்டி எல்லாம் ரோட்டை ஒட்டிய ஒரே வரிசையில் நிற்கணும். இதை ரோடு போடுவதற்கு முன்னால், வரைபடத்திலேயே முடிவு பண்ணணும்.

பைக் ஏறாமலிருக்கத் தடுப்புக் கம்பி நடுகிறார்கள். பைக் ஹேண்டில்பார் சுமார் முக்கால் மீட்டர், சக்கர நாற்காலிக்குத் தொண்ணூறு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். பைக்கை நிறுத்துகிற இடைவெளி நாற்காலியையும் நிறுத்திவிடும். ஆகவே கம்பியை நெருக்கி நட்டுவிட்டுக் கைகழுவ முடியாது. மேலே ஏறுகிற பைக்குக்கு அபராதம் போடத்தான் வேண்டும். தள்ளுவண்டிக்காரர்களைத் துரத்துவதும் தீர்வே இல்லை. இருட்டினதும் பெண்கள் தைரியமாக நடக்கிற தெருக்கள் பெரும்பாலும் அந்த வண்டிகளின் விளக்கு எரிகிற தெருக்கள்தான்.

சிக்னலையும் சொல்லியாக வேண்டும். ஆறு லேன் ரோடு சுமார் 21 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடந்தால் பதினெட்டு நொடி, தடி ஊன்றி 0.8 மீட்டரில் நடந்தால் இருபத்தாறு நொடிக்கு மேல். பச்சை அதற்குமுன் அணைந்தால் அந்தப் பாட்டி நடுரோட்டில் நிற்பார்.

மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை போட்டது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் இருக்கிறது. வார்டு வாரியாகக் கணக்கு காட்டுங்கள். இந்தத் தெருவில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் எத்தனை மீட்டர் தூரத்துக்கு இருக்கிறது என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து டேப் பிடித்து அளந்து, அந்த எண்ணைப் பலகையில் எழுதி அங்கேயே வையுங்கள்.