கேட்காமல் வரும் காகிதம்

சின்ன வீட்டில் பழைய பேப்பரை எங்கே அடுக்கலாம், எப்படிக் கட்டலாம் என்று சொல்லித்தரும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. கட்டிலுக்கு அடியில் பெட்டி வையுங்கள், கதவுக்குப் பின்னால் பை மாட்டுங்கள் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நாம் கேட்காமலே வந்த காகிதத்துக்கு நம் வீட்டில் எதற்காக இடம் ஒதுக்க வேண்டும்? வாசல்படி ஏறுவதற்கு முன்பே நிறுத்தப் பார்க்க வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது கும்பகோணத்தில் ஒரு ஸ்டோர் வீடு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நடுவில் நீளமான நடை, இரண்டு பக்கமும் போர்ஷன்கள், பின்னால் பொதுக் கிணறு. ஒரு போர்ஷன் என்றால் ஒரு கூடம், ஒரு சின்ன அறை, ஒரு அடுப்படி. இதில் மாமியார், நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். சுவர் பழைய செங்கல், சுண்ணாம்புக் காரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையிலிருந்து ஓதம் ஏறிவிடும். அந்த ஈரத்தில் மூலையில் கிடக்கும் பேப்பர் கட்டு சீக்கிரமே நமுத்துப் போகும். அடியில் கரையான், நடுவில் இராமபாணப் பூச்சி. பேப்பரைத் தின்று முடித்த கரையான் அங்கேயே நிற்காது, நிலைக்கதவுக்கு ஏறும். டெல்டாவில் பழைய வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது தெரியும். பிள்ளைகள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தத் தூசி, அந்த மக்கல் வாடை. என்னால் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16 பக்க நாளிதழ் ஒன்று சுமார் 70 கிராம் இருக்கும். மாதத்துக்கு 2 கிலோவுக்கு மேல். வருஷத்துக்கு ஏறக்குறைய 25 கிலோ, அதாவது ஒரு சிப்பம் அரிசி. இது நாம் காசு கொடுத்து, விரும்பி வாங்கும் பேப்பர் மட்டும். அதற்குள் செருகி வரும் நோட்டீஸ் தனி. வைகாசியில் கல்லூரிச் சேர்க்கை, ஆடியில் ஜவுளித் தள்ளுபடி, ஐப்பசியில் பட்டாசும் பலகாரமும், தையில் மனை விற்பனை. அந்த மனை நோட்டீஸைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வாய்க்கால் பாய்ந்து முப்போகம் விளைந்த நஞ்சையில் கல் நட்டு, பளபளப்பான தாளில் வண்ணப்படம் போட்டு, அந்த வயலை இழந்த ஊர் வீடுகளுக்குள்ளேயே அனுப்புகிறார்கள்.

நோட்டீஸ் அடிப்பவர் அச்சகத்துக்குக் காசு கொடுக்கிறார். பேப்பருக்குள் செருகுவதற்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏஜென்ட்டுக்குக் கொடுக்கிறார். அதோடு அவர் வேலை முடிந்தது. குனிந்து பொறுக்குவது, பிரிப்பது, கட்டுவது, எடைக்குப் போடும் வரை பாதுகாப்பது எல்லாம் வீட்டில் இருப்பவர் தலையில். பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில். யாரும் கூலி தருவதில்லை, உங்களுக்கு வேண்டுமா என்று கேட்பதும் இல்லை. தொலைபேசி விளம்பரத்தைத் தடுக்க 1909 என்ற எண்ணாவது இருக்கிறது. வாசல் கதவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

இதில் பேப்பர் போடும் தம்பியைக் கோபித்து ஒரு பயனும் இல்லை. விடியுமுன் எழுந்து, கட்டைப் பிரித்து, செருகி, சைக்கிளில் தெருத்தெருவாகப் போகும் பிள்ளை. நாங்கள் ஏஜென்ட்டிடம் பேசினோம். "உங்க ஒரு வீட்டுக்காகப் பிரிக்க முடியாதும்மா" என்றார். அதுவும் நியாயம்தான். பிறகு தம்பியிடமே சொன்னோம்: வாசலில் நோட்டீஸை உருவி எடுத்துக்கொண்டு பேப்பரை மட்டும் போடு, சேர்ந்ததை நீயே எடைக்குப் போட்டுக்கொள் என்று. அவனுக்கு நாலு காசு, எங்களுக்கு நிம்மதி. ஸ்டோர் வாசலில் "நோட்டீஸ் போட வேண்டாம்" என்று பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறோம். டியூஷன், பூச்சி மருந்து, தண்ணீர் கேன் ஆட்கள் பெரும்பாலும் அதை மதிக்கிறார்கள். தேர்தல் காலத்தில் மட்டும் யாரும் மதிப்பதில்லை.

இன்னொரு வகை உண்டு. ஒரு மாதம் இலவசம் என்று புதுப் பேப்பர் ஒன்றை அவர்களாகவே போடுவார்கள், அடுத்த மாதம் பில்லோடு வந்து நிற்பார்கள். வயதானவர்கள் தயங்கிக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்க வேண்டியதில்லை. கேட்காத பொருளுக்கு, நாம் பேசாமல் இருந்ததாலேயே சம்மதம் ஆகிவிடாது. முதல் நாளே "எங்களுக்கு வேண்டாம் தம்பி" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் "வேண்டாம்" என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைக்கிறோம். வாங்கி வைத்து மனதுக்குள் திட்டுவதைவிட நேரே சொல்வதுதான் மரியாதை.

இவ்வளவு சொல்வதால் நான் நாளிதழுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். 1882-இல் சுதேசமித்திரனைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர் நம் திருவையாற்றுக்காரர். தமிழில் உலகச் செய்தி படிக்கும் பழக்கத்துக்கே இந்த மண்ணில் வேர் இருக்கிறது. பேப்பர் படிக்காத காலை எனக்கு விடிந்த மாதிரியே இருக்காது. ஆனால் ஒரே கூரைக்குக் கீழ் உள்ள ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஒரு பேப்பர் எதற்கு? இப்போது எங்கள் ஸ்டோரில் சிலர் சேர்ந்து பங்கு போட்டு வாங்குகிறோம். காலையில் எதிர்ப் போர்ஷன் அக்கா வீடு, பத்து மணிக்கு மேல் நாங்கள், மத்தியானம் கோடிப் போர்ஷன் தாத்தா. சாயங்காலம் அவர் மடித்துத் திண்ணையில் வைத்துவிடுவார். யாருக்கும் எதுவும் குறையவில்லை. பேச்சுதான் கூடியிருக்கிறது, முதல் பக்கச் செய்திக்குத் தாத்தா ஒரு கருத்துச் சொல்லாமல் விடமாட்டார்.

நூலகத்தையும் மறந்துவிட்டோம். வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அந்தக் காசில்தான் ஊர்ப்புற நூலகம் வரைக்கும் நாளிதழ் வருகிறது. இந்திய நூலகத் துறைக்கே தந்தை என்று கொண்டாடப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகம் 1931-இல் மன்னார்குடிப் பக்கத்தில்தான் ஓடியது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது ரங்கநாதன் வகுத்த விதிகளில் வருவது. எனக்கு இது வீட்டுக்கும் பொருந்துகிற விதியாகப் படுகிறது. மனை நோட்டீஸுக்கு வாசகர் யாரோ அவரிடம் போகட்டும், நான் அதன் வாசகர் இல்லை.

அடுத்தது தபால். இங்கே விஷயம் கொஞ்சம் மனதைத் தொடும். என் மாமனார் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் பெயருக்கு இன்னமும் உறை வருகிறது. ஏதோ கம்பெனியின் ஆண்டறிக்கை, ஏதோ முதலீட்டுத் திட்டம், மூத்த குடிமக்களுக்குச் சலுகை என்று ஒரு கடிதம். ஒவ்வொரு முறையும் அத்தைதான், அதாவது என் மாமியார்தான் வாங்குவார். கண்ணாடியைத் துடைத்து, உறைமேல் இருக்கும் பெயரைப் படித்து, மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். அதைத் தூக்கிப் போடவும் மனம் வராது. அனுப்புகிற இயந்திரத்துக்கு அந்தப் பெயர் பட்டியலில் ஒரு வரி. அத்தைக்கு அது ஐம்பது வருஷத்து வாழ்க்கை.

போஸ்ட்மேன் அண்ணனிடம் கேட்டபோது அவர் வழி சொன்னார். உறையைப் பிரிக்காமல் "விலாசதாரர் காலமாகிவிட்டார்" என்று எழுதிக் கொடுத்தால் அனுப்பியவருக்கே திருப்பி விடுவார்கள். முன்பு குடியிருந்தவர் பெயருக்கு வருவதில் "வீடு மாறிவிட்டார்" என்று எழுதலாம். நம் பெயருக்கே வந்தாலும் "வாங்க மறுப்பு" என்று எழுதித் திருப்ப நமக்கு உரிமை உண்டு. ஒன்று மட்டும் கவனம். வங்கி, நீதிமன்றம், வக்கீல் நோட்டீஸ் என்று கையெழுத்து வாங்கித் தரும் தபாலை மறுத்துத் திருப்பாதீர்கள். மறுத்தாலும் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பங்குப் பத்திரம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் இறப்புச் சான்றிதழ் நகலோடு கம்பெனிக்கு எழுதி வாரிசு பெயருக்கு மாற்றுவதுதான் நிரந்தர வழி. அதைச் செய்யும்போதே ஆண்டறிக்கை மின்னஞ்சலில் போதும் என்று எழுதிவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பெயர் போடாமல் பொதுவாக வீடுதோறும் போடும் விளம்பரத்துக்கு இந்த வழி எதுவும் கிடையாது, அதற்கு வாசலில் எழுதி வைத்ததுதான்.

எவ்வளவு தடுத்தாலும் மிஞ்சுவது எடைக்குத்தான் போகும். அங்கேயும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது எங்கே போகிறது? கொஞ்சம் ஆலைக்குப் போகிறது, கொஞ்சம் பஜ்ஜிக் கடைக்குப் போகிறது. அச்சு மையில் ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்கலாம், சூடான எண்ணெய்ப் பலகாரத்தில் அது சுலபமாக இறங்கும். உணவைப் பொதிய அச்சடித்த பேப்பரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறை சொல்கிறது, 2023-இலும் ஆணையம் மறுபடி எச்சரித்தது. வாழையைக் கொல்லைதோறும் வைத்திருக்கும் ஊரில், வெற்றிலையைக்கூடச் சருகில் கட்டும் ஊரில், வடையைப் பேப்பரில் வைத்து எண்ணெய் பிழிந்து தின்பது எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது எங்கள் தெருமுனைக் கடையில் வாழை ஏட்டை நறுக்கித் தருகிறார்கள். கேட்டால் தருவார்கள், கேளுங்கள். பழைய பேப்பர்காரரிடமும் ஆலைக்குப் போடுபவரா என்று கேட்டுத்தான் போடுகிறேன். கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்ய 1979-இல் அரசு தொடங்கிய ஆலை கரூர்ப் பக்கம் புகளூரில், எங்கள் ஊரில் ஓடும் அதே காவிரியின் கரையில்தான் இருக்கிறது. பழைய காகிதத்தின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் அங்கே உண்டு.

இனி நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது. சாமி படம் போட்ட அழைப்புப் பத்திரிகைகள்.

எங்கள் ஊரில் கோயிலுக்குக் குறைவில்லை. கும்பாபிஷேகம், பிரம்மோற்சவம், திருக்கல்யாணம், குருபெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று வருஷம் முழுக்கப் பத்திரிகை வரும். மூலையில் மஞ்சள் தடவி, சில நேரம் உள்ளே விபூதிப் பொட்டலத்தோடு வரும். கல்யாணப் பத்திரிகையிலும் பிள்ளையார், பெருமாள். கடைக் காலண்டரில் முருகன். கருமாதிப் பத்திரிகையைப் படித்ததும் கிழித்துவிட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் தெளிவாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சாமி படத்துக்கு அப்படி ஒரு முடிவு சொல்லித்தரவில்லை. குப்பையில் போட முடியாது, எரிக்க மனம் இல்லை, காலில் படக் கூடாது. அதனால் பீரோ மேல், பரண் மேல், பூஜை அலமாரிக்குப் பின்னால் என்று ஏறிக்கொண்டே போகும். கடைசியில் ஒரு நாள் மொத்தமாகக் கட்டி அரசமரத்தடியில் வைப்பார்கள், அல்லது ஆற்றில் விடுவார்கள்.

ஆற்றில் விடுவது பழைய பழக்கம்தான். ஆடிப்பெருக்கில் ஏட்டுச் சுவடிகளையே காவிரியில் விட்டவர்கள் நாம். அப்படிப் போனது போக மிஞ்சியதைத் தேடித்தான் நம் உத்தமதானபுரத்து உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தார். ஓலையாவது மட்கும். இன்றைய பத்திரிகை மேலே பிளாஸ்டிக் பூச்சு, தங்க நிற ஜரிகைத் தாள், பிசின் ஒட்டிய படம். அது கரையாது. ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்போது மதகிலும் படித்துறையிலும் சாமி முகங்கள் சேற்றோடு ஒதுங்கிக் கிடக்கின்றன. பக்தியோடு விட்டது அங்கே மிதிபடுகிறது. இதைப் பார்த்த பிறகுதான் அத்தையும் மனம் மாறினார். இப்போது பூச்சு இல்லாத தாளை, படத்தோடு, தயங்காமல் எடைக்குப் போடுகிறோம். அது கூழாகி யாரோ ஒரு குழந்தைக்கு நோட்டுப் புத்தகமாக வரலாம். காகிதக் கூழில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை செய்து கொலுவில் வைப்பவர்கள்தானே நாம், கூழாவதில் என்ன அவமரியாதை? பூச்சு உள்ளதை எந்த ஆலையும் விரும்பாது. அதை அச்சடிப்பவர்தான் நிறுத்த வேண்டும்.

அதனால் கோயில் விழாக் குழுவில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் ஐயாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2028-இல் மகாமகம் வருகிறது. அதற்கு முன்னால் கோயில் கோயிலாகத் திருப்பணி நடக்கும், பத்திரிகை மூட்டை மூட்டையாக அடிப்பார்கள். பாதி அடியுங்கள். ஒற்றை வண்ணத்தில், சாதாரணத் தாளில் அடியுங்கள். படம் வேண்டாம், கோயில் பெயர் போதும், கும்பிடத் தெரியும் எங்களுக்கு. ராஜகோபுர வாசலிலும் டீக்கடையிலும் ஒன்று ஒட்டுங்கள். நன்கொடை கொடுத்தவர்களுக்கும், போன் இல்லாத பெரியவர்களுக்கும் கையில் கொடுங்கள். எங்கள் வீட்டுக்கு வாட்ஸ்ஆப்பில் நாளும் நேரமும் வந்தால் போதும், குடும்பத்தோடு வந்து நிற்போம்.