உடம்பு முடியாமல் போனாலும் சைல்ட் சப்போர்ட் தானாகக் குறையாது

அமெரிக்காவில் இருக்கும் தெரிந்தவர் ஒருவர், விவாகரத்தானவர். அம்மாவிடம் இருக்கும் பிள்ளையின் செலவுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், அதுதான் சைல்ட் சப்போர்ட். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது, வேலையும் போயிற்று. வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு தரும் டிசபிலிட்டி உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டு, "சம்பளமே இல்லாதவனிடம் யார் சைல்ட் சப்போர்ட் கேட்பார்கள்?" என்று இருந்துவிட்டார். கேட்டார்கள். பழைய சம்பளத்தை வைத்துப் போட்ட அதே தொகை மாதாமாதம் பாக்கியாக ஏறிக்கொண்டே இருந்தது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 1986-இல் வந்த பிராட்லி திருத்தம் என்ற மத்திய அரசுச் சட்டத்தின்படி, ஏறிவிட்ட பாக்கியை நீதிபதியே நினைத்தாலும் முன்தேதியிட்டுக் குறைக்க முடியாது. தொகையை மாற்றக் கேட்டு மனுப் போட்டு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன பிறகுள்ள காலத்துக்குத்தான் குறைப்பு. வேண்டுமென்றே டிமிக்கி கொடுப்பவர்களைப் பிடிக்க வந்த சட்டத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரும் மாட்டிக்கொள்கிறார். டிசபிலிட்டி முடிவு வரவே மாதக்கணக்காகும். மறுத்து, மேல்முறையீடு என்று போனால் வருடங்கள்கூட ஆகலாம். விண்ணப்பித்த தேதியையே மனுத் தேதியாக எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

"டிசபிலிட்டி பணத்தில் யாரும் கைவைக்க முடியாது" என்று தைரியம் சொல்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். வருமானமும் சொத்தும் மிகக் குறைவாக உள்ளவர்களுக்குத் தரும் எஸ்எஸ்ஐயில் பிடிக்க முடியாது, சரி. வேலை பார்த்த காலத்தில் கட்டிய வரிக்காக வரும் எஸ்எஸ்டிஐயில் பிடிக்கலாம். பிடிக்கட்டும். சம்பளத்துக்குப் பதிலாக வரும் பணம்தானே, பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு.

சொல்லப்போனால் பிள்ளைக்கென்று தனியாகவே பணம் உண்டு. எஸ்எஸ்டிஐ வாங்குபவரின் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, அவர் தொகையில் 50 சதவீதம் வரை, குடும்ப உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். அதனால் அவர் பணம் குறையாது. பெரும்பாலும் பிள்ளையை வைத்திருப்பவர் கைக்கே அது வரும். பல மாநிலங்களில் இதை, சைல்ட் சப்போர்ட் கட்ட வேண்டியவர் கட்டியதாகவே கழித்துக்கொள்வார்கள். கட்ட வேண்டியது 600 டாலர், பிள்ளைக்கு வருவது 550 என்றால் மீதி 50 மட்டும் கட்டினால் போதும்.

"அந்த ஆள் கையிலிருந்து ஒரு காசு வரவில்லையே" என்று பிள்ளையின் அம்மா ஆத்திரப்படுவது புரிகிறது. ஆனால் அப்பா உழைத்துக் கட்டிய வரியால் வருவதுதான் அது. கழிப்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. அதற்காக, கட்ட வேண்டியதைவிடப் பிள்ளைக்குக் கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கேட்கும் அப்பாக்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது பிள்ளையின் பணம்.

இப்படி யாரையாவது தெரிந்தால், டிசபிலிட்டி விண்ணப்பம் போடும் அதே வாரத்தில் தொகையை மாற்றக் கேட்கும் மனுவையும் போடச் சொல்லுங்கள். வக்கீலுக்குக் காசில்லையா, மாநில சைல்ட் சப்போர்ட் அலுவலகத்திலேயே மறுபரிசீலனை கேட்கலாம். எந்தத் தேதியிலிருந்து குறையும் என்பதை மட்டும் அங்கேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.