கணக்கு எழுதின கைக்கு காபி வறுக்க வருமா?

நேத்து எங்க அக்கா பொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு அனுப்பியிருந்தா. கே.எஃப்.சி. பொரிச்ச கோழிக் கடை தாத்தா படம். "65 வயசுல ஒண்ணுமில்லாம தொடங்கினாராம் சித்தி, உங்களுக்கு 48 தானே!" நல்ல மனசோட அனுப்பினதுதான். ஆனா அந்தத் தாத்தா கதைய இப்படிச் சொன்னா எனக்குக் கோவம்தான் வருது. அவரு 1930லயே அமெரிக்காவுல கென்டக்கியில, ரோட்டோரத்து பெட்ரோல் பங்க்ல, வண்டிக்காரங்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பிச்சவரு. முதல்முதலா இன்னொரு கடைக்காரருக்குத் தன் கோழிப் பக்குவத்தைக் கொடுத்தது 1952ல. நடுவுல 22 வருஷம் அடுப்புகிட்ட நின்ன மனுஷன் அவரு. அந்த 22 வருஷத்த அழிச்சுட்டு "ஒண்ணுமில்லாம"ன்னு எழுதறாங்க.

இதுல உனக்கென்ன இவ்வளவு ரோசம்னு கேட்டா, எனக்கும் 23 வருஷம் இருக்கு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில ஒரு மொத்த வியாபாரக் கடையில கணக்கு எழுதினேன். முதலாளியோட பசங்களுக்கு அந்தத் தொழில்ல இஷ்டமில்ல, கடைய மூடிட்டாங்க. நானும் ஒரு டிபன் பாக்ஸோட வீட்டுக்கு வந்துட்டேன்.

அந்தக் கடைக்கு ஏற்காட்டுல இருந்து ஒரு பெரியவர் மிளகு கொண்டுவருவாரு. மேல அவருக்கு ஒரு ஏக்கர், காபியும் மிளகுமா. ஒவ்வொரு தை மாசமும் எனக்குன்னு தனியா ஒரு பொட்டலம் காபித்தூள், அவங்க வீட்டம்மா சட்டியில வறுத்து இடிச்சது. கடை மூடற வாரத்துல அவருதான் சொன்னாரு: "நீங்களே வறுத்து வித்தா என்னம்மா?"

சிரிச்சுட்டு வந்துட்டேன். அப்புறம் ஏழு மாசம் தூக்கமில்ல.

1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் அந்த மலையில காபி வச்சாரு. ஏறக்குறைய 200 வருஷமா அங்க காபி காய்க்குது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா தோட்டம். ஆனா நாம சேலத்துல "சிக்மகளூர் காபிங்க, ஒசத்தி"ன்னு சொல்லிக் குடிக்கறோம். ஆறு கிலோ பழம் பறிச்சாத்தான் ஒரு கிலோ கொட்டை தேறும். பெரியவரோ, முன்பணம் கொடுத்த வியாபாரி என்ன விலை சொல்றாரோ அதுக்குக் களத்துலயே போட்டுட்டு வருவாரு. தன் காபி எந்த ஊர்ப் பேர்ல போகுதுன்னுகூட அவருக்குத் தெரியாது. அது என்னைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு கேக்கும். உனக்கு அரபிகா, ரொபஸ்டான்னு ரெண்டு காபி ரகத்துக்கும் வித்தியாசம் தெரியுமா? நஷ்டமானா பையன் ஃபீஸுக்கு என்ன பண்ணுவ? வீட்டுக்காரர் வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. மாமியார் மட்டும் வாயைத் திறந்தாங்க: "கடுகு தாளிச்சாலே கருக விடறவ, காபி வறுக்கப் போறாளாம்." எதிர்த்துப் பேச முடியல, ஏன்னா அது நிஜம்.

கடன் கேக்கலாம்னு பாத்தா, மாநில அரசுத் திட்டத்தோட பேர்லயே "இளைஞர்களுக்கு"ன்னு இருந்துச்சு. அந்த ஒரு வார்த்தையப் படிச்சுட்டுத் திரும்பி வந்துட்டேன். அடுத்த மாசம் மாவட்டத் தொழில் மையத்துல ஒரு தம்பி பொறுமையா சொன்னாரு: பி.எம்.இ.ஜி.பி.ன்னு மத்திய அரசோட தொழில் கடன் திட்டத்துல 18 வயசு ஆகியிருக்கணும், அவ்வளவுதான், மேல வயசு வரம்பு கிடையாது. நகரத்துல பொம்பளைங்களுக்கு 25 சதவீதம் மானியம், நம்ம கைக்காசு 5 சதவீதம். நாலு லட்சம் திட்டம்னா 20,000 நம்மளுது, ஒரு லட்சம் மானியம். அந்த மானியமும் உடனே கைக்கு வராது, மூணு வருஷம் பேங்க்லயே வைப்பா கிடக்கும். கேட்டவங்க பலபேரு இதுக்கு மூஞ்சியச் சுளிச்சாங்க. எனக்கு அந்த ஒழுங்கு பிடிச்சிருந்துச்சு.

அந்தக் கடனுக்கான பயிற்சி வகுப்புல என் பக்கத்துல எல்லாம் இருபத்திரெண்டு, இருபத்திமூணு வயசுப் பசங்க. முதல் நாள் "ஆன்ட்டி, பையனுக்காக வந்தீங்களா?"ன்னு ஒருத்தன். கூனிக் குறுகிட்டேன். மூணாம் நாள் அடக்க விலை போடச் சொன்னாங்க. கரண்ட், சேதாரம், வட்டி, கடன் சொல்லி வாங்கிட்டு மூணு மாசம் கழிச்சுத் தர்ற கடைக்காரரு, எல்லாத்தையும் சேத்துப் பத்து நிமிஷத்துல போட்டுட்டேன். நிமிந்து பாத்தா அதே பையன் நோட்டைத் தூக்கிக்கிட்டு நிக்கறான்: "இது எப்படிங்க ஆன்ட்டி வந்துச்சு?"

அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. காபிதான் எனக்குப் புதுசு, வியாபாரம் புதுசில்ல. பத்துக் கிலோ பச்சைக்கொட்டை போட்டா வறுத்து வர்றது எட்டு கிலோ முந்நூறு கிராம். அந்த ஒரு கிலோ எழுநூறு கிராம் ஆவியாப் போறத விலையில ஏத்தாம வித்துட்டு, "ஏன் கையில காசு நிக்கல"ன்னு முழிக்கறவங்களோட பேரேட்டைத்தான் நான் 23 வருஷமா எழுதினேன்.

சந்தேகம் அதோட ஓடிப்போச்சான்னு கேக்காதீங்க. போகல. போகவும் வேணாம். முதல் சீசன்ல, கார்த்திகை மழையில பறிச்ச சரக்கு, ஒருத்தர்கிட்ட விலை குறைவா வந்துச்சு. உள்ளுக்குள்ள ஒரு குரல் "ஈரம் பாத்தியா?"ன்னு கேட்டுச்சு. அந்தச் சமயம் பாத்து நான் தினமும் தன்னம்பிக்கை வீடியோ கேட்டுக்கிட்டிருந்தேன். பயம் உன் எதிரி, காதுலயே வாங்காதன்னு அவங்க சொல்லியிருந்தாங்க. நானும் வாங்கல. 38 கிலோ பூஞ்சை பிடிச்சுது.

பெரியவர்கிட்ட போய்ச் சொன்னேன். திட்டல. களத்துல காஞ்சுக்கிட்டிருந்ததுல ஒரு கொட்டைய எடுத்துப் பல்லுல வச்சுக் கடிச்சு என் உள்ளங்கையில வச்சாரு. லேசாப் பல்லுத் தடம் பதிஞ்சிருந்துச்சு. "தடம் விழுந்தா இன்னும் வெயில் வேணும்மா. அழுத்திக் கடிச்சும் பதியலன்னா மூட்டை கட்டலாம்." இப்ப ஒவ்வொரு மூட்டைக்கும் பத்துக் கொட்டை கடிக்கறேன்.

அதனால என் வயசுல, இந்த யோசனையிலயே ராத்திரி முழிச்சுக் கிடக்கறவங்களுக்கு ஒண்ணு. அந்தக் குரல் "எவ்வளவு, யாரு வாங்குவாங்க, ஈரம் பாத்தியா"ன்னு கேட்டா எழுந்து லைட்டைப் போட்டு ஒரு பேப்பர்ல எழுதிருங்க. அது நம்ம அனுபவம் கேக்கற கேள்வி. "இந்த வயசுல உனக்கெதுக்கு"ன்னு கேட்டா புரண்டு படுங்க. நானும் அதுக்குப் பதில் தேடித்தான் ஏழு மாசத்த வீணாக்கினேன்.

லாபமான்னா, தவணை போக என் பழைய சம்பளத்துல பாதி நிக்குது. பொட்டலத்து மேல ஏற்காடுன்னு அச்சடிச்சிருக்கேன். பெரியவருக்கு எடை போட்ட அன்னைக்கே பணம்.

இந்த வறுக்கற வேலையில ஒரு கட்டத்துல கொட்டை படபடன்னு வெடிக்கும், அச்சு அசல் கடுகு மாதிரியே. அதுக்கப்புறம் கொஞ்ச நேரந்தான், அசந்தா கருகிரும். மாமியார் இப்பல்லாம் ரோஸ்டர் பக்கத்துல சேரைப் போட்டு உக்காந்துக்கறாங்க. இன்னைக்குக் காலையிலயும் எனக்கு முன்னாடி அவங்க காதுலதான் விழுந்துச்சு.

"வெடிச்சிருச்சு, எறக்குடி. அங்க என்ன போனைப் பாத்துக்கிட்டு?"