நோட் மாட்யூல்ஸை பென் டிரைவ்ல தூக்காதீங்கப்பா!

வியாசர்பாடியில நெட் மெதுவா இருக்குன்னு விண்டோஸ் மெஷின்ல இறக்குன நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை (ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்டுக்கு வேண்டிய பேக்கேஜ்கள் இருக்கிற இடம்) அப்படியே பென் டிரைவ்ல போட்டு, ராயபுரத்துல இருக்கிற உபுண்டு மெஷின்ல கொட்டுறாங்க. பில்ட் எப்படிப்பா ஓடும்? பில்ட் டூல்கள்ல ஈஎஸ்பில்ட் கோ மொழியில எழுதினது. இன்னொரு டூல் ரோலப் 4-க்குள்ள ரஸ்ட் மொழி கோடு இருக்கு. ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும், ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனித்தனி பைனரி, அதாவது மெஷின் மொழிக்கு மாத்தின ஃபைல். அந்தந்த மெஷினுக்குப் பொருந்துறதை மட்டும்தான் பேக்கேஜ் இறக்குற டூலான என்பிஎம் இறக்கும்.

அந்த பைனரி பேக்கேஜ்களுக்கு 'ஆப்ஷனல் டிபெண்டன்சி'ன்னு பேரு வேற! பேரைப் பார்த்து ஏமாந்து, ஆப்ஷனலை ஒதுக்குற ஃபிளாக் போட்டுடுறாங்க. இன்ஸ்டால் சத்தமே இல்லாம முடியும், பில்ட் ஓட்டும்போதுதான் மாட்யூலைக் காணோம்னு கத்தும். அதுதான் வயித்தெரிச்சல்.

இந்த எரர் வந்தா எடுத்ததும் நோட் (ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டுற ப்ரோக்ராம்) வெர்ஷனை மாத்தாதீங்க. ஓஎஸ்ஸைச் சொல்ற ப்ராசஸ் டாட் ப்ளாட்ஃபார்ம், ப்ராசஸர் வகையைச் சொல்ற ப்ராசஸ் டாட் ஆர்ச் ரெண்டையும் பிரிண்ட் பண்ணி, எரர்ல வர்ற பேக்கேஜ் பேரோட ஒப்பிட்டுப் பாருங்க. எம்1 மேக்ல ரொசெட்டா (இன்டெல் மேக் ப்ரோக்ராம்களை ஓட்ட வைக்கிற ஆப்பிள் டூல்) வழியா ஓடுற நோட், இன்டெல் வகை எக்ஸ்64 பைனரியைத்தான் தேடும். ஆல்பைன்ங்கிற சின்ன லினக்ஸ்ல கட்டின டாக்கர் இமேஜ்ல ரோலப்புக்கு மஸ்ல்ங்கிற சி லைப்ரரிக்கான பைனரி வேணும், உபுண்டு மாதிரி லினக்ஸுக்கான ஜிஎன்யு பைனரி ஆகாது. டாக்கர்இக்னோர்ல (இமேஜுக்குள்ள ஏத்தக் கூடாததைக் குறிக்கிற ஃபைல்) நோட் மாட்யூல்ஸ் இருக்கணும், இல்லன்னா உங்க மெஷின் பைனரியும் இமேஜுக்குள்ள ஏறிடும்.

ஃபோல்டரை அழிச்சு மறுபடி இன்ஸ்டால் பண்ணியும் வரலையா? எந்த பேக்கேஜ், எந்த வெர்ஷன்னு குறிச்சு வைக்கிற லாக் ஃபைல்லயே மத்த ஓஎஸ்ஸோட வரிகள் விட்டுப்போயிருக்கலாம். பழைய ஃபோல்டர் இருக்கும்போதே லாக் ஃபைல் உருவானா என்பிஎம்மோட சில வெர்ஷன்கள் இப்படிப் பண்ணும். ஃபோல்டர், லாக் ஃபைல் ரெண்டையும் சேர்த்து அழிச்சு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க. ஆனா பேக்கேஜ் வெர்ஷன்கள் மாறலாம், என்ன மாறிச்சுன்னு கிட் டிஃப்ல பார்க்காம கமிட் பண்ணிடாதீங்க.